ரேடியோவுக்கு மார்க் போட்ட டீச்சர்

அந்த டீச்சர் பிள்ளைகளுக்கு மார்க் போட்டதைவிடப் பொருள்களுக்கு மார்க் போட்டதுதான் அதிகம். குடை வாங்கப் போனால் கடையிலேயே ஒரு சொம்பு தண்ணீர் கேட்பார். குடையை விரித்து, கடைக்கார பாயை அதற்கு அடியில் நிற்க வைத்து, மேலே ஊற்றிப் பார்ப்பார். பாய் நனையவில்லை என்றால்தான் பையைத் திறப்பார். ராஜவீதியில் அவர் தலை தெரிந்தாலே பாய், “டீச்சரம்மா வர்றாங்க, துண்ட எடுத்து வை” என்று உள்ளே குரல் கொடுப்பாராம்.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் மத்தியான உப்புமா கிண்டுகிறவள். என் அடுப்படிக்கும் எட்டாம் வகுப்புக்கும் நடுவில் அரைச்சுவர்தான். நான் படித்தது மூன்றாவது வரைக்கும். அதுவும் பாதி நாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு. அந்த அரைச்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, புகையோடு புகையாக எட்டாவது வரை கேட்டுவிட்டேன். பரீட்சைதான் யாரும் வைக்கவில்லை. டீச்சர் மட்டும் வைத்தார். பாடம் முடிந்ததும் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “உங்களுக்கு இன்னாமா காதுல வுழுந்துது?” என்பார். அவருக்கு நான் ஒரு படிக்கல். எந்தப் பாடமும் என் அடுப்படி வரைக்கும் வந்து சேர்ந்தால்தான் எடை சரி.

அவர் முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். தமிழும் கணக்கும் அவர் பாடம். வயது முப்பத்தைந்து இருக்கும். ஒல்லி. நடக்கிறபோது புடவை முன்னே போகும், அவர் பின்னால் வருவார். பாடம் நடத்தி முடித்ததும் போய்ப் பிள்ளைகளுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். ஒரு பிள்ளையை எழுப்பி, “இப்ப நீதான் டீச்சர், நான் மக்கு. எனக்குச் சொல்லிக் குடு” என்பார். மக்காக இருப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கேட்கிற கேள்வியில் பிள்ளைக்கு அழுகை வரும், இல்லையென்றால் பாடம் வரும். ரெண்டில் ஒன்று வராமல் உட்காரச் சொல்லமாட்டார். புரிந்ததா என்று கேட்டு எல்லாரும் தலையாட்டினால், “தலையாட்டறத நான் கணக்குல எடுத்துக்கமாட்டேன்” என்று விடுவார்.

இதே வேலையைத் தன்னைப் பெண் பார்க்க வந்த இடத்திலும் செய்திருக்கிறார். மாப்பிள்ளை ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசராம். அப்படியென்றால் காலையில் போனதும் முதல் வேலையாக என்ன செய்வீர்கள் என்று இவர் கேட்டிருக்கிறார். அந்த ஆள் தன் அம்மா முகத்தைப் பார்த்திருக்கிறான். பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். பஜ்ஜிக்கு எத்தனை மார்க் டீச்சர் என்று கேட்டேன். “பஜ்ஜி பாஸு” என்றார். நான் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. கரண்டியை எடுத்துக் கழுவுகிறபோதுதான் அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்தது.

மேலே இருக்கிற ஆபீசிலிருந்து அந்த நாளில் வருஷத்துக்கு ஒரு சாமான் வரும். பாடம் சொல்லிக் கொடுக்கப் புதுக் கருவி என்பார்கள். அதோடு ஒரு படிவமும் வரும். கருவி எப்படி இருக்கிறது என்று நிரப்பி அனுப்ப வேண்டும். மற்ற பள்ளிக்கூடங்களில் வந்த அன்றைக்கே ‘மிக நன்று’ என்று போட்டு அனுப்பிவிட்டுக் கருவியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்களாம். எங்கள் ஹெட்மாஸ்டருக்கும் அதுதான் ஆசை. நல்ல மனுஷன். ரெண்டு வருஷத்தில் ரிட்டயர் ஆகப் போகிறவர். எறும்பைக்கூடச் சுற்றிக்கொண்டு போவார். ஆனால் படிவத்தை டீச்சர் கையில் கொடுத்தது அவர் செய்த தப்பு.

முதலில் வந்தது துணி ஒட்டின பலகை. அட்டையில் வெட்டின மிருகங்களை அதன்மேல் வைத்தால் விழாமல் ஒட்டிக்கொள்ளும். ஒன்றாம் வகுப்புக்கு யானை, எலி, பூனை எல்லாம் ஒட்டிக் காட்டினார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். டீச்சர் ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு, யானை எவ்வளவு பெரிசு என்று கேட்டார். அவள் உள்ளங்கையைக் காட்டினாள். எங்கள் ஊரில் காலையில் வாசல் தெளிக்கிற நேரத்துக்குக் கோயில் யானை தெருவில் போகும். அதைப் பார்க்காத குழந்தை கிடையாது. தினம் போகிறதே, அது என்ன என்று கேட்டதற்கு அந்தக் குழந்தை, “அது கோயில் யானை டீச்சர், பெர்சா இருக்கும். இது பாட யானை” என்றது.

டீச்சர் படிவத்தில் அதை அப்படியே எழுதி அனுப்பினார். ஆபீசிலிருந்து பதில் வரவில்லை. அதற்குப்பிறகு அவர் வாயில் அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டது. எவனாவது புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒப்பித்தால், “பாட யானை, உக்காரு” என்பார்.

இப்போது ரேடியோவுக்கு வருகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார் வேலையை விட்டுப்போய் ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. எட்டாவதுக்குப் பொதுப் பரீட்சை. விஞ்ஞானத்தில் போனால் மொத்தமும் போச்சு. என் மூத்தவள் அந்த எட்டாவதில்தான் இருந்தாள். அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அவளுக்குக் கொண்டாட்டம். தலைமாட்டை விட்டு நகரமாட்டாள். தேறவில்லை என்றால் அவள் அப்பா கூலிக்கு நெய்கிற தறியில் அவளுக்கு இடம் தயாராக இருந்தது. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பெண்களுக்கு அதுதான் கதி. வாத்தியார் வேண்டும், வாத்தியார் வேண்டும் என்று டீச்சர் எழுதாத காகிதம் இல்லை.

வாத்தியாருக்குப் பதிலாக ரேடியோ வந்தது. அதைக் கொண்டுவந்த ஆபீசர் சட்டைப்பையில் நாலு பேனா வைத்திருந்தார். மெட்ராஸிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் விஞ்ஞானப் பாடம் இதில் வரும், மூன்று மாதம் பார்ப்போம் என்றார். இது போதும் என்று தெரிந்தால் வாத்தியார் இடத்தை எடுத்துவிடுவார்கள். போதாது என்று தெரிந்தால் வாத்தியாரை அனுப்புவார்கள். அதைப் பார்த்து எழுதுகிற வேலை டீச்சருக்கு. அவர் படிவத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

ரேடியோவில் பேசினது ஒரு அம்மா. குரல் தேன். “குழந்தைகளே, காற்றில் பிராணவாயு இருக்கிறது. புரிந்ததா?” என்று கேட்டுவிட்டு, நாலு எண்ணுகிற நேரம் சும்மா இருக்கும். பிள்ளைகள் கூரை பறக்கிற மாதிரிப் புரிந்தது என்று கத்துவார்கள். “மிக நன்று” என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகும். ஹெட்மாஸ்டருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நானும் கரண்டியை வைத்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ரெண்டாவது வாரம் டீச்சர் பிள்ளைகளிடம், அந்த அம்மா கேட்கிறபோது யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவைத்தார். புரிந்ததா என்று கேட்டது. ஒரு சத்தம் இல்லை. “மிக நன்று” என்றது. மூன்றாவது வாரம் எல்லாரையும் புரியவில்லை என்று கத்தச் சொன்னார். கத்தினார்கள். அதற்கும் “மிக நன்று”. பிள்ளைகள் பெஞ்சில் விழுந்து புரண்டார்கள். டீச்சர் ரேடியோவையே பார்த்துக்கொண்டு நின்றார், பெற்ற பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்ட தாய் மாதிரி.

நாலாவது வாரம்தான் அந்தக் கூத்து நடந்தது. பூமி தன் அச்சில் சுற்றுகிறது என்று ரேடியோ சொன்னது. ஆபீசர் அனுப்பின கேள்வித்தாளில், பூமி எதில் சுற்றுகிறது என்று இருந்தது. வகுப்பு முழுக்க ‘அச்சில்’ என்று எழுதினார்கள். ஒருத்தர் தவறவில்லை. ஹெட்மாஸ்டர் அந்தத் தாள்களைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி எல்லாருக்கும் காட்டினார். டீச்சர் மட்டும் ஒவ்வொருத்தரிடமும் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, அதைப் படமாகப் போடச் சொன்னார்.

தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலை இழை இழையாகப் பிரித்துப் பிடிக்கிற சட்டம் ஒன்று உண்டு. சீப்பு மாதிரிப் பல் இருக்கும். அதற்குப் பெயரும் அச்சுதான். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நடை பழகுகிறபோதே தெரிந்த அச்சு அது ஒன்றுதான். எல்லாத் தாளிலும் அந்தச் சட்டத்தைப் போட்டு, நடுவில் ஒரு உருண்டையை மாட்டியிருந்தார்கள். பாவு இழைகள் பூமிக்குள் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தன. ஒருத்தி கீழே நெய்கிறவர் மிதிக்கிற கால்மிதிகூடப் போட்டிருந்தாள். டீச்சர் சுவருக்கு மேலே எட்டி என்னைப் பார்த்தார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய பூமியை மாட்ட எவன் அச்சுக் கட்டினானோ என்று மலைத்துக்கூடப் போயிருந்தேன்.

என் கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் கேட்டார். மூட்டை தைக்கிற கோணி ஊசியை அதில் சொருகிச் சுற்றிக் காட்டினார். பூமிக்கு இந்த ஊசிகூடக் கிடையாது, இருக்கிற மாதிரி நினைத்துக்கொள்கிறோம், அந்த நினைப்புக்குத்தான் அச்சு என்று பெயர் என்றார். அரைமணி நேரம் மக்காக உட்கார்ந்து எல்லாரிடமும் திருப்பிக் கேட்டார். எனக்கும் புரிந்தது.

ஹெட்மாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். ரேடியோ சொல்லட்டும், தப்பாக எடுத்துக்கொண்டால் நீங்கள் சரிசெய்யுங்கள், அவ்வளவுதானே என்றார். டீச்சர் பழத்திலிருந்து ஊசியை உருவித் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

“சார், நான் தமிழ் டீச்சரு. இந்த ஒரு அச்சு என் கண்ணுல பட்டுது. மிச்சப் பாடத்துல இந்த மாதிரி எத்தினி அச்சு இருக்குதோ, எனக்கே தெரியாதே. தெரிஞ்சவங்க ஒருத்தர் வேணும் சார்.”

அந்தப் படங்களையெல்லாம் அடுக்கி, படிவத்தோடு குண்டூசி குத்தி வைத்தார்.

மூன்று மாதம் முடிந்து ஆபீசர் வந்தார். அவர் வருகிற அன்றைக்கு உப்புமாவில் கடுகு தாளிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு. வகுப்பில் நின்று என்னென்னவோ கேட்டார். பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். அமிலம் என்றால் என்ன என்றார், மின்சாரம் என்றால் என்ன என்றார். ரேடியோவில் வந்த வார்த்தை ஒன்று பிசகாமல் வந்தது. முடிந்ததும், ஒரே ஒரு கேள்வி நான் கேட்கலாமா என்றார் டீச்சர். என் மூத்தவளை எழுப்பி, அமிலம் என்று சொன்னாயே, அது எங்கே இருக்கும், அதைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார்.

“அது மெட்ராஸ்ல இருக்கும் டீச்சர்” என்றாள் மூத்தவள்.

ஆபீசர் விழுந்து விழுந்து சிரித்தார். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற இடத்தில், தன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, தினம் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிறாளே, அந்த நெடிதான் அது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டீச்சருக்கே சரியாகத் தெரியாது என்று அப்புறம் என்னிடம் ஒப்புக்கொண்டார். தெரிந்த ஒருத்தர் அந்த அறையில் நாலு பேனாவோடு நின்றார். அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் என்று எழுதிக்கொண்டார்.

படிவத்தில் பெற்றோர் கருத்து என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்கு வெளியே போய் ஆள் தேடுவானேன், ஆயாவின் பெண்ணே எட்டாவதுதானே என்று ஹெட்மாஸ்டர் என்னைக் காட்டினார். கரிக்கையோடு போய் நின்றேன். ரேடியோ எப்படியம்மா இருக்கிறது என்றார் ஆபீசர். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

“நல்லா சொல்லுதுங்க ஐயா. எங்க வூட்டுக்காரரு மாதிரியே. நம்ம காதுல வுழுந்துதா, மண்டையில ஏறிச்சான்னு ஒண்ணும் பாக்காது. அது பாட்டுக்குப் பேசிக்கினே இருக்குது.”

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். ஆபீசர் சிரித்துக்கொண்டே எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினார். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ‘நன்றாகச் சொல்கிறது’ என்று இருந்தது. அதோடு புள்ளி. மீதியைக் காணோம். ஹெட்மாஸ்டர் எனக்குப் பின்னால் நின்று மூச்சு விடுவது கழுத்தில் பட்டது. என் வேலை அப்போது நிரந்தரம் ஆகவில்லை. கையெழுத்துப் போட்டேன். கரி ஒட்டாமல் இருக்க ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழகாகப் போட்டேன்.

ஆபீசர் படிவத்தைக் கொண்டுபோவதற்கு முன்னால் டீச்சர் அதைப் படித்திருக்கிறார். சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகிற வழியில் அடுப்படிக்கு வந்தார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். திட்டுவார் என்று நினைத்து ரெண்டு கேலியைத் தயாராக வைத்திருந்தேன்.

“நீங்க சொன்னதுல பின்னாடி பாதிதானேம்மா பதிலு” என்றார். “அத எழுதச் சொல்லியிருக்கக் கூடாதா?”

நான் வைத்திருந்த கேலி ரெண்டும் இதற்கு உதவவில்லை. பஸ் போயிடப் போவுது டீச்சர் என்று மட்டும் சொன்னேன்.

பிள்ளைகள் போட்ட படங்களை வைக்கப் படிவத்தில் இடமில்லை என்று ஆபீசர் குண்டூசியைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு மாதத்தில் காகிதம் வந்தது. விஞ்ஞான வாத்தியார் இடம் இனி இந்தப் பள்ளிக்கு இல்லை. பெற்றோர் திருப்தி தெரிவித்திருப்பதாக அதில் ஒரு வரி. ஹெட்மாஸ்டர் அந்த வரியை எனக்குப் படித்துக் காட்டினார், பெருமையாக.

மழைக்காலத்தில் ரேடியோவுக்குப் பேட்டரி தீர்ந்தது. பள்ளிக்கூடத்தில் கரண்ட் கிடையாது. பேட்டரி ஆபீசிலிருந்துதான் வர வேண்டும். எழுதினார்கள், வரவில்லை. தேன் குரல் முதலில் கட்டைக்குரல் ஆனது, அப்புறம் முனகல் ஆனது, ஒருநாள் நின்றது. பரீட்சைக்கு நாலு மாதம் இருந்தது. டீச்சர் விஞ்ஞானப் புத்தகத்தைத் தானே எடுத்துக்கொண்டார். சாயக்காரரிடம் போய்க் கேட்டார், கம்பவுண்டரிடம் போய்க் கேட்டார், கேட்டதை வந்து சொன்னார். தெரியாத இடம் வந்தால், எனக்கும் இது புரியவில்லை என்று பிள்ளைகளிடமே சொன்னார். அதுதான் தெருவில் பற்றிக்கொண்டது. தனக்கே தெரியாதவள் என்ன டீச்சர் என்றார்கள். ரேடியோ இருந்தபோது ஒரு நாளாவது தெரியாது என்று சொன்னதா என்று என் வீட்டுக்காரரே கேட்டார். அதைக் கெடுத்ததே இவள்தான் என்றுகூடப் பேச்சு வந்தது.

ரிசல்ட் வந்தது. மூத்தவள் விஞ்ஞானத்தில் போய்விட்டாள். அவளோடு படித்தவர்களில் பாதிக்கு மேல் அதில்தான் போனார்கள். அடுத்த முகூர்த்த நாள் பார்த்து அவள் அப்பா அவளைத் தறியில் உட்கார வைத்தார். கரையைத் தனியாகச் சேர்த்து நெய்கிற கோர்வைப் புடவையில், கரைக்கு நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ள எதிர்ப்பக்கம் ஒரு ஆள் வேண்டும். அவள் அழவில்லை. தங்கைக்குக் காய்ச்சல் வந்தபோது மட்டும் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்ததும் மறுபடி அதே படிவம் வந்தது. ரேடியோவின் இரண்டாம் வருஷப் பயன் எப்படி என்று கேட்டிருந்தார்கள். ரேடியோ பீரோவுக்குள் இருந்தது; பின்பக்கத்து ஓட்டையில் எறும்பு போய் வந்துகொண்டிருந்தது. ஹெட்மாஸ்டர் ஒவ்வொரு கட்டமாக ‘நன்று’ என்று போட்டுக்கொண்டு வருவது எனக்குத் தெரிந்தது. கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு நேராக உள்ளே போனேன். பெற்றோர் கட்டத்தில் இந்த வாட்டி நான் முழுசாகச் சொல்கிறேன் சார் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

“சொல்லலாம்மா. ஆனா உம் பொண்ணு இப்ப இங்க படிக்கலையே. பெற்றோருன்னு உன் பேரப் போட முடியாது.”

“அவ ஃபெயிலாயிட்டா நான் பெத்தது இல்லன்னு ஆயிடுமா சார்?”

“படிவத்துல அப்படித்தான்மா இருக்குது.”

ஒன்றாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க வந்த ஒருத்தி வாசலில் நின்றாள். அவளைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார். அவள் அந்த ரேடியோவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எங்கே சார் போடணும் என்று கேட்டுப் போட்டாள்.

ஆசிரியர் கருத்து என்ற கட்டம் மட்டும் பாக்கி. ஹெட்மாஸ்டர் படிவத்தை டீச்சர் மேசையில் கொண்டுவந்து வைத்தார். எழுதுங்க டீச்சர் என்றேன் நான். போன வருஷம் எழுதினேனே என்றார், என்னிடம் இல்லை, மேசையிடம். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிப்பில் மை காய்ந்தது. உதறினார், மறுபடி காய்ந்தது. மணி அடித்ததும் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

ஹெட்மாஸ்டர் அந்தக் கட்டத்திலும் தானே ‘நன்று’ என்று போட்டார். டீச்சர் வகுப்பு வாசலில் நின்று அதைப் பார்த்தார். உள்ளே போய்க் கணக்குப் போட ஆரம்பித்தார்.